அமெரிக்காவில் உயர்கல்விக்கான ஆயத்தம்

அமெரிக்காவில் உயர்கல்விக்கான ஆயத்தம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகம் ஒன்றில் முழுநேர மாணவராகச் சேர விரும்பும் வெளிநாட்டவர் ஒருவர் விண்ணப்பிக்கத் தொடங்குவது முதல் அந்நாட்டில் இறங்கி வகுப்புகளுக்குப் பதிவு செய்துகொள்வது வரை மேற்கொள்ள வேண்டிய பணிகளின் தொகுப்பு ஆகும். தேர்வுகள், சான்றிதழ்கள், நிதி ஏற்பாடு, நுழைவிசைவு, மருத்துவம், பயணம் ஆகியன இதில் அடங்கும். இப்பணிகள் பொதுவாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை நீள்கின்றன. பெரும்பாலான மாணவர்கள் எஃப்-1 எனப்படும் நுழைவிசைவில் செல்கின்றனர். தொழிற்பயிற்சிப் பள்ளிகளுக்கு எம்-1, பரிமாற்றத் திட்டங்களுக்கு ஜே-1 ஆகிய வகைகள் உள்ளன.

2024–25 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த 11,77,766 வெளிநாட்டு மாணவர்களில் 3,63,019 பேர் இந்தியர்கள். படிப்பை முடித்துப் பயிற்சிப் பணியில் இருப்பவர்களும் இக்கணக்கில் சேர்க்கப்படுகின்றனர். அதற்கு முந்தைய ஆண்டில் இந்தியா சீனாவை முந்தி முதலிடத்தைப் பெற்றது. இக்கட்டுரை தமிழ்நாட்டிலிருந்து முதுநிலைப் படிப்புக்குச் செல்வோரை முதன்மையாகக் கருதுகிறது. அமெரிக்கத் தரப்பு நடைமுறைகள் இலங்கை உள்ளிட்ட பிற நாட்டு மாணவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வரலாறு

1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் மாணவர்களை நாடுவாரியான ஒதுக்கீட்டு வரம்புக்கு வெளியே வைத்தது. இன்றுள்ள எஃப் வகை, 1952ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் நாட்டுரிமைச் சட்டத்திலிருந்து வருவது. இந்தியாவிலிருந்து சென்ற முன்னோடிகளுள் 1886இல் பென்சில்வேனியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி குறிப்பிடத்தக்கவர். தஞ்சாவூரில் பிறந்த பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா 1920களின் இறுதியில் சிரக்கியூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். இந்திய–அமெரிக்க ஃபுல்பிரைட் ஒப்பந்தம் 1950இல் கையெழுத்தானது.

இன்றைய கண்காணிப்பு முறைக்கு வேறொரு பின்னணி உண்டு. 1993இல் நியூயார்க் உலக வணிக மையத்தில் நடந்த குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்டவர்களுள் ஒருவர், மாணவர் நுழைவிசைவில் வந்து படிப்பைக் கைவிட்டவர். இதையடுத்து 1996இல் இயற்றப்பட்ட சட்டம் மாணவர் விவரங்களைத் திரட்டக் கோரியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பின் அது விரைவுபடுத்தப்பட்டு, 2003இல் செவிஸ் என்னும் கணினித் தரவுத்தளம் நடைமுறைக்கு வந்தது. மாணவர் பாடங்களைக் குறைத்தாலோ முகவரி மாறினாலோ கல்லூரி அதை இத்தளத்தில் பதிய வேண்டும்.

பெயர்ச் சிக்கல்

தமிழ் மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டியதும், பெரும்பாலும் கடைசியில் கவனிப்பதும் பெயரே. அமெரிக்க ஆவணங்கள் அனைத்தும் இயற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை எதிர்பார்க்கின்றன. தமிழர்களிடையே குடும்பப்பெயர் வழக்கம் பரவலாக இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக வழங்குகிறது. எடுத்துக்காட்டாக, செல்வராஜ் என்பவரின் மகள் கயல்விழி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் "செ. கயல்விழி" என்று இருப்பார். கடவுச்சீட்டில் முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். அப்போது இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, இயற்பெயர்க் கட்டத்தில் "கயல்விழி" என்றும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் "செல்வராஜ்" என்றும் எழுதுவது. இவ்வாறு செய்தவரைப் பேராசிரியர்கள் தந்தை பெயரால் அழைப்பர் என்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை. இரண்டாவது, "கயல்விழி செல்வராஜ்" என்று முழுவதையும் இயற்பெயர்க் கட்டத்தில் எழுதிக் குடும்பப்பெயரை வெறுமையாக விடுவது. இந்தியாவில் இது செல்லுபடியாகும். ஆனால் அமெரிக்க நுழைவிசைவில் அம்முழுப்பெயரும் குடும்பப்பெயராக மாறிவிடும். இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "இயற்பெயர் தெரியவில்லை" என்று பொருள்படும் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். பின்னர் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, பல்கலைக்கழக மின்னஞ்சல் எனப் பலவற்றிலும் இவ்வெழுத்துகள் ஒட்டிக்கொண்டு தொடரும். "ஃப்னு" என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்ட இந்திய மாணவர்கள் பலர்.

இதனைச் சரிசெய்யக் கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்துகொள்ளலாம். தேர்வுகளுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. தேர்வுப் பதிவில் உள்ள பெயர் அடையாள ஆவணத்துடன் பொருந்தாவிட்டால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், கட்டணமும் திரும்பாது. கல்லூரிச் சான்றிதழில் முன்னெழுத்தும் கடவுச்சீட்டில் விரிவான பெயரும் இருப்பது தன்னளவில் குற்றமன்று. இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று சான்றுறுதி அலுவலர் முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்திருப்பது போதுமானதாக இருக்கும். எழுத்துக்கூட்டலே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கலாம்.

தேர்வுகளும் விண்ணப்பமும்

ஆண்டுத் தொடக்கப் பருவம் ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது. இதற்கான விண்ணப்பங்கள் முந்தைய டிசம்பரிலோ சனவரியிலோ முடிவடைகின்றன. சனவரியில் தொடங்கும் பருவத்திலும் சேர்க்கை உண்டு. ஆனால் அப்போது உதவித்தொகை வாய்ப்புகள் குறைவு.

ஜி.ஆர்.இ. தேர்வு 2023 செப்டம்பர் முதல் 1 மணி 58 நிமிடமாகச் சுருக்கப்பட்டது. மொழித்திறன், கணிதத்திறன் ஆகியவற்றுக்குத் தலா 130 முதல் 170 வரை மதிப்பெண் வழங்கப்படும். இம்மதிப்பெண் ஐந்து ஆண்டுகள் செல்லும். பல துறைகள் இதனைக் கட்டாயமாகக் கேட்பதை நிறுத்திவிட்டன. எனவே பணம் கட்டுவதற்கு முன் துறையின் தளத்தைப் பார்ப்பது நன்று. ஆங்கிலத் திறனுக்கு டோஃபல், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆகியவற்றுள் ஒன்று தேவைப்படும். இவற்றின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லும்.

விண்ணப்பத்துடன் நோக்க அறிக்கை ஒன்றும் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் கோரப்படுகின்றன. பரிந்துரைக் கடிதத்தை மாணவரையே எழுதிவரச் சொல்லிப் பேராசிரியர் கையெழுத்திடும் வழக்கம் இந்தியக் கல்லூரிகளில் உள்ளது. மூன்று கடிதங்களும் ஒரே நடையில் அமைந்துவிடுவதால் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். பேராசிரியரிடம் தாம் செய்த திட்டப்பணியின் விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, கடிதத்தை அவரிடமே விடுவது நேர்மையானது, பயனும் அதிகம்.

உதவித்தொகையுடன் இடம் வழங்கும் பல்கலைக்கழகங்களுள் பல, ஏப்ரல் 15 வரை மாணவரை முடிவு கேட்டு வற்புறுத்துவதில்லை என்ற பட்டப்பின் கல்லூரிகள் கழகத்தின் தீர்மானத்தை ஏற்றுள்ளன. உதவித்தொகை இல்லாத இடங்களை இத்தீர்மானம் கட்டுப்படுத்தாது.

நிதி

ஐ-20 படிவத்தைப் பெற, முதலாண்டின் கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, காப்பீடு ஆகியவற்றுக்குப் போதுமான பணம் உடனடியாக எடுக்கத்தக்க வடிவில் இருப்பதைக் காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை, அனுமதிக்கப்பட்ட கல்விக் கடன் ஆகியவை ஏற்கப்படும். நிலம், நகை ஆகியவற்றின் மதிப்பீட்டுச் சான்று குடும்ப நிலையைக் காட்ட உதவுமே அன்றி, கட்டணத்துக்கான பணமாகக் கருதப்படாது.

இந்திய வங்கிகளின் பொதுக் கடன் திட்டத்தில் 7.5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குப் பிணையம் கேட்கப்படுகிறது. குறிப்பிட்ட சில பல்கலைக்கழகங்களுக்குப் பிணையமின்றிக் கூடுதல் கடன் தரும் தனித் திட்டங்களும் உள்ளன. நடைமுறையில் பிணையம் என்பது பெற்றோரின் வீடாகவே இருக்கிறது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஆகியவற்றை வங்கி வழக்கறிஞர் சரிபார்க்கப் பல வாரங்கள் ஆகும். பங்கு பிரிக்கப்படாத பூர்வீக வீடு என்றால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் தேவைப்படும். சேர்க்கைக் கடிதம் வந்த பின்னர் பத்திரத்தைத் தேடத் தொடங்கியவர்கள் ஒரு பருவத்தை இழந்ததுண்டு.

படிப்புக் காலத்திலும் அதன் பின் சில மாதங்களிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டிய செய்தி. படிப்பின்போதே மாதவட்டியைக் கட்டிவந்தால் இறுதியில் சுமை கணிசமாகக் குறையும். வருமானவரிச் சட்டம் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை விலக்கு அளித்து வந்துள்ளது; பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கே இது பயன்படும்.

நாணய மாற்று விகிதம் மற்றொரு கவலை. ஆண்டுக்கு 45,000 டாலர் செலவு எனக் கொண்டால், டாலர் 85 ரூபாயாக இருக்கையில் அது 38,25,000 ரூபாய். டாலர் 90 ரூபாயானால் 40,50,000 ரூபாய். 2025 டிசம்பரில் ரூபாயின் மதிப்பு முதன்முறையாக 90ஐக் கடந்து சரிந்தது. எனவே இரண்டாம் ஆண்டுக்கான கடன் தொகையை இன்றைய விகிதத்தில் கணக்கிட்டு நிறுத்திவிடுவது தவறாகும்.

பணத்தை அனுப்புகையில் ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரம்பு உள்ளது. 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணத்தை அனுப்பினால் வங்கி ஒரு பகுதியை வரியாகப் பிடித்துக்கொள்ளும். இது வருமானவரிக் கணக்குத் தாக்கலின்போது ஈடுசெய்துகொள்ளத்தக்கது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் இப்பிடித்தம் நீக்கப்பட்டது.

ஐ-20 படிவமும் நேர்முகமும்

நிதிச் சான்றுகளை ஏற்ற பல்கலைக்கழகம் ஐ-20 படிவத்தை வழங்கும். அதன் மேற்பகுதியில் "என்" என்ற எழுத்துடன் தொடங்கும் செவிஸ் எண் இருக்கும். இதன் கட்டணம் 2019 சூன் முதல் 350 டாலர். அடுத்து டி.எஸ்-160 என்னும் இணையப் படிவத்தை நிரப்பி, நுழைவிசைவு விண்ணப்பக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இது 2023 சூனில் 160 டாலரிலிருந்து 185 டாலராக உயர்த்தப்பட்டது. இவற்றுடன் 250 டாலர் கூடுதல் கட்டணம் விதிக்க 2025 சூலையில் இயற்றப்பட்ட சட்டம் வழிசெய்தது.

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி அமைந்துள்ளது. கைரேகையும் ஒளிப்படமும் அதற்கு முன்னதாகத் தனி மையம் ஒன்றில் எடுக்கப்படும். 2025 செப்டம்பர் முதல் விண்ணப்பதாரர்கள் தம் சொந்த நாட்டிலோ தாம் குடியிருக்கும் நாட்டிலோ நேர்முகத்துக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டனர். 2025 சூனில், மாணவர்கள் தம் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது.

நேர்முகம் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். சட்டத்தின் 214(ஆ) பிரிவு, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் நிரந்தரமாகக் குடியேற வருபவர் என்றே முதலில் கருதச் சொல்கிறது. அவ்வாறல்ல என்று காட்டும் பொறுப்பு மாணவருடையது. மறுக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் இப்பிரிவின் கீழ்தான் மறுக்கப்படுகின்றனர். 2023–24 அமெரிக்க நிதியாண்டில் உலகெங்கும் எஃப்-1 விண்ணப்பங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு மறுக்கப்பட்டது. கோப்பு நிறையச் சான்றிதழ் கொண்டு சென்றவர், ஒரு தாளையும் காட்டாமல் வெளியே வருவது வழக்கமான காட்சி.

அலுவலர் அறிய விரும்புபவை மூன்று: இந்தப் படிப்பு ஏன், பணம் எங்கிருந்து வருகிறது, படித்த பின் என்ன செய்வீர்கள். முகவர்கள் எழுதிக்கொடுக்கும் விடைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது பெரும்பாலும் கேடாகவே முடிகிறது. அதே விடையை அன்று காலையிலேயே அந்த அலுவலர் பலமுறை கேட்டிருப்பார். தம் துறையில் பாடத்திட்டத்தைப் படித்து, இரண்டு பாடங்களின் பெயரையும் அவற்றால் தமக்கு என்ன பயன் என்பதையும் சொல்லத் தெரிந்தவருக்கு ஒப்பித்தல் தேவைப்படாது. பொய் ஆவணம் காட்டுவது தனிக் குற்றம். அதற்கு வாழ்நாள் தடை விதிக்கப்படலாம்.

மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை. ஆனால் மீண்டும் விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. 12 மாதங்களுக்குள் அதே வகையில் விண்ணப்பித்தால் செவிஸ் கட்டணத்தை மறுமுறை கட்ட வேண்டியதில்லை. 185 டாலரை மீண்டும் கட்ட வேண்டும். நிலைமை எதுவும் மாறாமல் அடுத்த வாரமே மறுபடி செல்வதால் பலன் குறைவு. 221(எ) என்று குறிக்கப்பட்ட தாள் கொடுக்கப்பட்டால் அது கூடுதல் ஆய்வைக் குறிக்கும். சில நாட்களிலோ பல மாதங்கள் கழித்தோ முடிவு வரலாம்.

போலி நிறுவனங்கள்

2011 சனவரியில் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் அமெரிக்க அதிகாரிகளால் சோதனையிடப்பட்டு மூடப்பட்டது. அங்குப் பதிந்திருந்தவர்களுள் பெரும்பான்மையினர் இந்தியர்கள். சிலருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டதை இந்திய அரசு கண்டித்தது. அதன் நிறுவனர் பின்னர் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

2019 சனவரியில் வெளிவந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழக நிகழ்வு இன்னும் சிக்கலானது. மிச்சிகன் மாநிலத்தில் இயங்கியதாகக் காட்டப்பட்ட அந்நிறுவனத்தை அமெரிக்கக் குடிவரவுத் துறையினரே பொறியாக உருவாக்கியிருந்தனர். அதில் ஆசிரியரும் இல்லை, வகுப்பும் இல்லை. ஆயினும் அரசின் அங்கீகாரப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. பதிந்திருந்த சுமார் 600 பேரில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். பலர் கைது செய்யப்பட்டு நாடு திரும்பினர். எனவே பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. வகுப்புக்கு வரத் தேவையில்லை, முதல் நாளிலிருந்தே வெளியே முழுநேர வேலை செய்யலாம் என்று சொல்லும் நிறுவனம் எதுவாயினும் விலக வேண்டும்.

மருத்துவம்

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, உருபெல்லா ஆகியவற்றுக்கான தடுப்பூசி இரு தவணைகள் போடப்பட்டதற்கான சான்றைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. விடுதியில் தங்குவோருக்கு மூளையுறை அழற்சித் தடுப்பூசியும் தேவைப்படலாம். குழந்தைப் பருவ அட்டை தொலைந்திருந்தால் ஊரிலேயே மீண்டும் போட்டுக்கொள்வது செலவு குறைந்த வழி. காசநோய்ச் சோதனையில் ஒரு நுட்பம் உண்டு. பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடப்பட்டவர்களுக்குத் தோல் சோதனை, நோய் இல்லாமலே நேர்மறையாகக் காட்டக்கூடும். எனவே இரத்தச் சோதனையைக் கேட்டுப் பெறலாம். மாணவர் காப்பீடு பல்லுக்கும் கண்ணுக்கும் பெரும்பாலும் பொருந்தாததால், பற்களைச் சரிசெய்துகொண்டு, மாற்று மூக்குக்கண்ணாடி ஒன்றுடன் செல்வது வழக்கம்.

பயணப் பெட்டி

பல விமான நிறுவனங்கள் 23 கிலோ வீதம் இரு பெட்டிகளை அனுமதிக்கின்றன. எனினும் பயணச்சீட்டில் எழுதியிருப்பதே இறுதி. பெட்டியில் என்ன வைப்பது என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. பொடி, ஊறுகாய் ஆகியன பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. இறைச்சி கலந்த எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை தடைசெய்யப்பட்டது. எலுமிச்சைக் குடும்ப மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்குவதே காரணம். உணவுப்பொருள் எதுவாயினும் கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதமும் சேரும். ஐக்கிய அரபு அமீரகம் வழியாகச் செல்வோர் குருமாப் பொடிக்கான கசகசாவை அறவே தவிர்க்க வேண்டும். அங்கு அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டுள்ளது.

அமெரிக்காவில் மின்னழுத்தம் 120 வோல்ட், 60 எர்ட்சு. மடிக்கணினியின் மின்னேற்றி 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அதற்குச் செருகி மட்டும் மாற்றினால் போதும். 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட மிக்சி அங்கு வலுவின்றிச் சுழலும், அரைக்காது. அதற்கேற்ற மின்மாற்றி மிக்சியைவிடக் கனமானது. அழுத்தச் சமையற்கலத்துக்கு இக்குறை இல்லை. மாற்று வளையம் இரண்டு எடுத்துச் செல்லலாம்.

ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகவும் மீதியை அந்நியச் செலாவணி அட்டையிலும் எடுத்துச் செல்லலாம். ஐ-20, கடவுச்சீட்டு, சேர்க்கைக் கடிதம், நிதிச் சான்று ஆகியவற்றைக் கைப்பையில் வைக்க வேண்டும். பெட்டி தொலைந்தால் அவை இல்லாமல் உள்ளே நுழைய இயலாது.

வந்திறங்குதல்

ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்க நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னதாக நுழைய இயலாது. அபுதாபி வழியாக நேரே அமெரிக்கா செல்லும் விமானங்களில், குடிவரவுச் சோதனை 2014 முதல் அபுதாபியிலேயே நடைபெறுகிறது. நுழைந்த பின் ஐ-94 என்னும் பதிவை இணையத்தில் எடுத்து, பெயரும் வகையும் சரியாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். நுழைவிசைவு இந்தியர்களுக்கு ஐந்து ஆண்டுகள் வரை வழங்கப்பட்டாலும், அது நுழைவதற்கான அனுமதி மட்டுமே; தங்கும் காலம் ஐ-94 பதிவையும் ஐ-20 படிவத்தையும் பொறுத்தது. படிப்பு முடியும்வரை தங்கலாம் என்ற நெடுநாள் முறையை மாற்றி அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் என வரையறுக்கும் முன்மொழிவை 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு வெளியிட்டது.

தொடக்க நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் மாணவரின் பதிவைச் செவிஸில் உறுதி செய்ய வேண்டும். அதற்கு மாணவர் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் தோன்றி முழுப் பாடச்சுமையுடன் சேர்ந்திருக்க வேண்டும். பருவக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே உணவகங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் ரொக்கமாகக் கூலி பெறுவது மாணவர் தகுதியையே இழக்கச் செய்யும். கடன் தவணையை நினைத்து இதில் இறங்குபவர்கள் இழப்பது கடனைவிடப் பெரிது. முகவரி மாறினால் 10 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வருமானம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒவ்வோர் ஆண்டும் 8843 என்னும் வரிப் படிவத்தை அனுப்ப வேண்டும். வருமானம் உள்ள இந்திய மாணவர்கள், இருநாட்டு வரி உடன்படிக்கையின் 21ஆம் பிரிவின்படி, பிற நாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காத நிலையான கழிவைக் கோரலாம்.